பட்டியல் பிள்ளையுடையது, அலைச்சல் நம்முடையது

பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருக்கிற வீடுகள் பலவற்றில் வேலைப் பிரிவினை தலைகீழாகக் கிடக்கிறது. என்ன படிப்பு, எந்தக் கல்லூரி என்பதை அப்பா, மாமா, சித்தப்பா, அப்பாவோடு வேலை பார்ப்பவர் என எல்லோரும் கூடி முடிவு செய்கிறார்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், விண்ணப்பம், கடைசித் தேதி எல்லாம் அந்தப் பதினேழு வயதுப் பிள்ளையின் தலையில் விழுகின்றன. இதை அப்படியே மாற்றிப் போட வேண்டும் என்கிறேன். தாள்களுக்காக அலைவதும் பணத்துக்கு வழி பார்ப்பதும் பெற்றோரின் வேலை. என்ன படிப்பது என்பது படிக்கப் போகிறவரின் முடிவு.

மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் நடத்துகிறேன். மே மாதம் தேர்வு முடிவு வந்த நாளிலிருந்து கலந்தாய்வு முடியும்வரை பள்ளிக்கு வரும் பெற்றோரில் பெரும்பாலானவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "டீச்சர், இப்போது எந்தப் படிப்புக்கு மதிப்பு?" பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, அதன் முகத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்கிறார்கள். அன்பில்லாதவர்கள் என்று சொல்ல மாட்டேன். நகையை அடகு வைத்தாவது படிக்க வைக்கத் துணிந்து வந்திருப்பவர்கள். அந்தப் பாடு வீணாகப் போகக் கூடாது என்ற ஆதங்கத்தில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் தாள்கள். ஆதாரில் பெயர் ஒரு விதமாக இருக்கும், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் வேறு விதமாக இருக்கும். தலைப்பெழுத்து ஓரிடத்தில் முன்னால், இன்னோரிடத்தில் பின்னால். சாதிச் சான்றிதழில் அப்பா பெயரில் ஓர் எழுத்து குறையும். இதைத் திருத்த ஜூன் மாதம் தாலுகா அலுவலகத்துக்குப் போனால் அதே வேலைக்கு ஊரே அங்கே நிற்கும். பிளஸ் ஒன் கோடை விடுமுறையில் எல்லாச் சான்றிதழ்களையும் பரப்பி வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். பொறியியல் கலந்தாய்வு வழியாகச் சேர்பவர்களுக்குக் கல்விக் கட்டணச் சலுகை அதை வைத்துத்தான் கிடைக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. மருத்துவத்துக்கு 2020இலும், பொறியியல், வேளாண்மை போன்ற தொழிற்படிப்புகளுக்கு 2021இலும் வந்த உரிமை அது. இடையில் ஊர் மாறிப் பள்ளி மாறிய பிள்ளை என்றால், ஒவ்வொரு வகுப்பையும் எங்கே படித்தார் என்ற விவரத்தை முன்கூட்டியே அந்தந்தப் பள்ளிகளில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஐஐடி, என்ஐடி போன்ற மத்திய நிறுவனங்களுக்கு நம் மாநிலத்தின் பிசி, எம்பிசி சான்றிதழ் போதாது. மத்திய அரசின் படிவத்தில், அந்த நிதியாண்டில் வாங்கிய ஓபிசி சான்றிதழ் தனியாக வேண்டும். நன்றாகப் படித்துத் தரவரிசையில் வந்துவிட்ட ஒரு மாணவன் இந்த ஒரே தாளுக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியதைப் பார்த்திருக்கிறேன். அந்த அலைச்சல் அவனுடையதாக இருந்திருக்கவே கூடாது.

விண்ணப்பத்தில் யாருடைய கைபேசி எண் இருக்கிறது என்பதையும் பாருங்கள். பிரவுசிங் சென்டர்காரரின் எண்ணையும் மின்னஞ்சலையும் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வருபவர்கள் இருக்கிறார்கள். ஓடிபியும் கல்லூரியில் இடம் ஒதுக்கப்பட்ட செய்தியும் அவருக்குத்தான் போகும். உறுதி செய்யக் கொடுக்கும் அவகாசமோ சில நாட்கள்தான். இதே காலத்தில் சில கல்லூரிகளின் ஆட்கள் வீடு தேடி வந்து, "நாங்களே பதிந்து தருகிறோம்" என்று கடவுச்சொல்லைக் கேட்பார்கள். கொடுத்தீர்களானால், கலந்தாய்வுக்காகக் கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கொடுக்கும் விருப்பப் பட்டியலின் முதல் வரியில் அவர்கள் கல்லூரி ஏறி உட்கார்ந்துகொள்ளும். அசல் சான்றிதழ்களையும் யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். கல்லூரிகள் அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018இலேயே அறிவித்திருக்கிறது.

அடுத்தது பணம். "நீ படி, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லாத அப்பா நம் ஊரில் அபூர்வம். கேட்க இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் அதே அப்பா ஜூலை மாதம் கட்டண விவரத்தைப் பார்த்துவிட்டு "இது நமக்கு ஆகாதம்மா" என்று சொல்லும்போது, அந்தப் பிள்ளைக்கு ஆசை உடைந்த வருத்தம் ஒன்று, இத்தனை நாளும் தன்னிடம் உண்மையை மறைத்தார்களே என்ற வருத்தம் இன்னொன்று. பிளஸ் ஒன்னிலேயே உட்கார வைத்துச் சொல்லிவிடுங்கள்: ஆண்டுக்கு இவ்வளவு நம்மால் முடியும், அதற்கு மேல் போனால் கடன்தான் என்று. பதினாறு வயதில் இதைப் புரிந்துகொள்ளும் பக்குவம் அவர்களுக்கு நிறையவே இருக்கிறது. ரூ. 4 லட்சம் வரையிலான கல்விக் கடனுக்கு வங்கிகள் பொதுவாகச் சொத்து அடமானம் கேட்பதில்லை. பெற்றோர் ஒருவர் கூட்டாகக் கையெழுத்திட வேண்டும். படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் தவணை தொடங்கும், வட்டி மட்டும் கடன் வாங்கிய நாளிலிருந்தே ஏறிக்கொண்டிருக்கும். இந்தக் கணக்கைப் பிள்ளையையே போடச் சொல்லுங்கள். நாளை அதை அடைக்கப் போவது அவர்தானே. கல்லூரியில் சொல்லும் தொகையில் விடுதி, பஸ், தேர்வுக் கட்டணம் எல்லாம் அடக்கமா என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்வதும் நம் வேலைதான்.

பிளஸ் ஒன் என்று திரும்பத் திரும்பச் சொல்லக் காரணம் இருக்கிறது. பொதுத்தேர்வு முடியட்டும், பிறகு யோசிக்கலாம் என்று காத்திருக்கும் வீட்டுக்குப் பல படிப்புகள் அதற்குள் கைநழுவிவிடுகின்றன. திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் சேர கிளாட் என்ற சட்ட நுழைவுத்தேர்வை எழுத வேண்டும். அது டிசம்பரிலேயே நடந்துவிடுகிறது. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு க்யூட் என்ற பொது நுழைவுத்தேர்வு. ஆடை வடிவமைப்பில் ஆசை உள்ள பிள்ளைக்கு நிஃப்ட் நுழைவுத்தேர்வும் பொதுத்தேர்வுக்கு முன்பே. இன்னொரு பக்கம், நுழைவுத்தேர்வே இல்லாமல் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத் தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தில் ஐந்தாண்டுச் சட்டம் படிக்கலாம், கால்நடை மருத்துவம் படிக்கலாம், மீன்வளம் படிக்கலாம். அரசுக் கலை அறிவியல் கல்லூரியில் மிகக் குறைந்த கட்டணத்தில் புள்ளியியல் படிக்கலாம். பொறியியல், மருத்துவம் இரண்டைத் தவிர மூன்றாவதாக ஒன்றைச் சொல்லச் சொன்னால் தடுமாறும் வீடுகளை நான் பார்க்கிறேன். இந்தத் தகவல்களைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து பிள்ளை முன்னால் வையுங்கள். வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

மதிப்பெண் வந்ததும் ஊர் கேட்பது "600க்கு எவ்வளவு?" பொறியியல் கலந்தாய்வுக்கு அந்த மொத்தம் உதவவே உதவாது. கணிதம் 100க்கு அப்படியே சேரும், இயற்பியலும் வேதியியலும் பாதியாகி ஐம்பது ஐம்பதாகச் சேரும், மொத்தம் 200. கணிதத்தில் 92, இயற்பியலில் 88, வேதியியலில் 90 வாங்கிய பிள்ளையின் கட்ஆஃப் 92, 44, 45 கூட்டி 181. மொழிப்பாடங்களில் அள்ளிக் குவித்த அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கட்ஆஃப் இதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். ஆகவே மொத்தத்தை வைத்து யாரோடும் ஒப்பிட்டுப் புண்படுத்த வேண்டாம். போன ஆண்டு ஒரு கல்லூரியில் எந்தத் தரவரிசையோடு இடம் முடிந்தது என்று பாருங்கள், அதுவும் உங்கள் இடஒதுக்கீட்டுப் பிரிவில். கட்ஆஃப் வினாத்தாளின் கடுமையைப் பொறுத்து ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கும். தரவரிசை அவ்வளவு ஆடாது.

2018க்கு முன்பு கலந்தாய்வு என்றால் குடும்பத்தோடு அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போய், திரையில் காலியிடங்களைப் பார்த்து, அங்கேயே முடிவெடுக்க வேண்டும். இப்போது எல்லாம் இணையவழி. வீட்டிலேயே உட்கார்ந்து எத்தனை கல்லூரிகளை வேண்டுமானாலும் வரிசைப்படுத்தலாம். கிடைக்குமா என்று சந்தேகப்படும் இடத்தை மேலே வைப்பதால் கீழே உள்ளவற்றுக்கு ஒரு நட்டமும் இல்லை. மனத்துக்கு எது மிகவும் பிடிக்கிறதோ அதுவே முதலில் வர வேண்டும். யாருடைய மனத்துக்கு என்பதுதான் கேள்வி. தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் ஏற்றுக்கொண்டு சேர்ந்துவிடுவதா, ஏற்றுக்கொண்டு மேல் வரிசைக்குக் காத்திருப்பதா என்று முடிவு சொல்ல வேண்டும். அடுத்தவர் போட்டுக் கொடுத்த பட்டியலை வைத்திருக்கும் பிள்ளையால் இதற்கு எப்படிப் பதில் சொல்ல முடியும்?

பெண் பிள்ளைகளின் பட்டியலைப் பார்க்கும்போது எனக்கு வரும் கோபத்தை மறைக்கப் போவதில்லை. மாநிலத்தின் முன்னணி அரசுக் கல்லூரிகளில் இடம் கிடைக்கும் அளவுக்கு மதிப்பெண் எடுத்தவள், வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்த் திரும்பும் தூரத்தில் உள்ள கல்லூரிகளை மட்டும் பதிந்திருப்பாள். அண்ணனுக்கு மதிப்பெண் குறைவு, அவன் சென்னையில் படித்துக்கொண்டிருப்பான். "வயசுப் பெண்ணை விடுதியில் விட்டுவிட்டு இங்கே எப்படித் தூங்குவது?" என்கிறார்கள். பயம் உண்மையானது, ஒப்புக்கொள்கிறேன். அதற்குப் பரிகாரம் அந்த விடுதிக்கு நேரில் போவது. வார்டனைப் பாருங்கள், அங்கே தங்கியிருக்கும் மூன்றாம் ஆண்டு மாணவிகளிடம் சாப்பாடு எப்படி, இரவில் உடம்பு சரியில்லாமல் போனால் யார் கூட்டிப்போவார்கள் என்று கேளுங்கள். அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ரூ. 1,000 அவள் வங்கிக் கணக்குக்கே வருகிறது. ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இல் தொடங்கியது. ஆதாரோடு இணைத்த கணக்கு பிள்ளையின் பெயரில் இருக்கிறதா என்று பார்த்து வையுங்கள்.

கல்லூரியைப் பார்க்கப் போவதென்றால் வேலை நாளில் போங்கள். வரவேற்பறையில் கொடுக்கும் வண்ணப் புத்தகம் எல்லாக் கல்லூரிகளிலும் அழகாகத்தான் இருக்கும். இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடுகிறது, அதைப் படியுங்கள்.

தேர்வு முடிவு வரும் நாளில் பெற்றோரில் ஒருவராவது வீட்டில் இருங்கள். "எத்தனை மார்க்?" என்று கேட்டு உறவினர்கள் அழைப்பார்கள், கைபேசியை நீங்கள் வாங்கி வைத்துக்கொண்டு நீங்களே பதில் சொல்லுங்கள். எதிர்பார்த்தது வரவில்லை என்றால் அன்றைக்கு எந்த முடிவும் எடுக்க வேண்டாம். நீட் இன்னொரு முறை எழுதுவதா என்பதையும் ஒரு வாரம் கழித்துப் பேசலாம். எழுதுவது என்றால் எத்தனை முறை என்ற எல்லையைப் பிள்ளையோடு சேர்ந்து முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். சாப்பிடாமல், பேசாமல் ஒடுங்கிக் கிடந்தால் தயங்காமல் 14416 என்ற மனநல உதவி எண்ணையோ 104 என்ற மருத்துவ உதவி எண்ணையோ அழையுங்கள், தமிழிலேயே பேசுவார்கள். ஏதாவது பாடத்தில் தேர்ச்சி பெறாமல் போயிருந்தால் துணைத்தேர்வு சில வாரங்களிலேயே வருகிறது. அதில் தேறியவர்களுக்குப் பொறியியலில் துணைக் கலந்தாய்வு அதே ஆண்டு நடக்கிறது. அந்த விண்ணப்பத்துக்கும் கடைசித் தேதி உண்டு. அதை நாள்காட்டியில் குறித்து வைக்க வேண்டியவர் நீங்கள்.