எலிக்குக் காய்ச்சல் வந்தா உங்களுக்கு என்ன சிரிப்பு?

சனிக்கிழமை விழாவுல, எலிக்குக் காய்ச்சலை வரவச்சு ஆராய்ச்சி பண்ணி டாக்டர் பட்டம் வாங்குன நம்மூர்ப் பொண்ணு மேடையில இருந்துச்சு. "எலிக்குக் காய்ச்சலை வரவச்சு டாக்டர் பட்டமா?"ன்னாரு சிறப்பு விருந்தினர். அரங்கமே சிரிச்சுச்சு. அந்தப் பொண்ணு பாதியில இறங்கிருச்சு.

ஐயா, மனுசன்கிட்ட கேட்க முடியாத கேள்விய எலிகிட்ட கேட்கிறாங்க. அம்புட்டுதான்.

2006-ல சிக்குன்குனியா வந்தப்ப, எங்கம்மா பூ கட்டித்தான் வீடு ஓடுச்சு. காய்ச்சல் சீக்கிரமே விட்டுருச்சு. விரல்தான் மடங்கல. நாரை வளைச்சு முடிச்சுப் போடணும்னா கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரணும், சேராது. மல்லி மொட்டு மடியிலயே விரிஞ்சு போகும். "கிருமி போயிருச்சும்மா, வலி இருக்கத்தான் செய்யும்"னாங்க ஆஸ்பத்திரியில. போயிருச்சுன்னா ஏன் வலிக்குது? பார்க்கிறதுக்கு எங்கம்மா விரல் மூட்டை அறுக்க முடியுமா?

எலியோட கால் மூட்டை அறுக்கலாம். பாதத்துல சிக்குன்குனியா வைரஸை ஏத்தினா ஒரு வாரத்துக்குள்ள வீங்குது. சிடி4 டி செல் (நோய் எதிர்ப்பு வேலை பார்க்கிற ஒரு வகை வெள்ளணு) இல்லாத எலிக்கு ஏத்தினா வைரஸ் அதே மாதிரி பெருகுது, வீக்கம் மட்டும் பெருசா வரல. 2013-ல சிங்கப்பூர் ஆய்வாளர்கள் காட்டினது. ஆக, வீங்க வச்சதுல நம்ம நோய் எதிர்ப்புச் சக்திக்கே பெரிய பங்கு. இதை எந்த மனுசன்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்குவீங்க?

டி செல் தொற்று வந்த செல்லை எப்படி அடையாளம் காணுதுன்னு டோஹர்ட்டி, ஜிங்கர்நாகல்னு ரெண்டு விஞ்ஞானிங்க கண்டுபிடிச்சதும் எலியிலதான். 1996-ல நோபல் குடுத்தாங்க. அங்கயும் போய்ச் சிரிச்சிருப்பீங்க போல.

"எலியும் மனுசனும் ஒண்ணா?" இல்லைங்க. சாதா எலிக்கு டெங்கு சரியா வரவே வராது. இன்டர்ஃபெரான் ஏற்பிகளை, அதாவது வைரஸை எதிர்க்கச் சொல்லி வர்ற சமிக்ஞையை செல்லு வாங்கிக்கிற இடத்தை, நீக்கின எலியிலதான் பெரும்பாலும் பார்க்கிறாங்க. குறைதான், ஒத்துக்கறேன். "தட்டுல செல்லை வளர்த்துப் பார்க்கலாமே?" பார்க்கிறாங்க. தட்டுல கெடக்குற செல்லுக்கு முழங்கால் ஏது, வீங்குறதுக்கு?

நேத்து இன்பாக்ஸ்ல ஒருத்தர், "உயிர்வதை". நெறிமுறைக் குழு அனுமதி இல்லாம எலியத் தொடக்கூடாதுன்னு விதி இருக்கு. அது போதுமான்னு கேளுங்க, பேசுவோம், எனக்கும் அதுல மனசு ஒப்பாத விசயம் உண்டு. ஆனா அடுப்படியில எலிப் பசை அட்டையை வச்சு, ஒட்டினதை விடிய விடியக் கத்த விட்டுட்டு, எனக்கு ஜீவகாருண்யம் சொல்லாதீங்க.

சும்மா சொல்லுங்க, கோவம் எலி மேலயா? நம்மூர்ப் பொண்ணு நம்மூர்லயே இருந்து பண்ணுனதுதான் இளப்பமாப் போச்சு. இதே வேலைய அமெரிக்காவுல பண்ணியிருந்தா, உங்க படத்தைப் பெருசாவும் அது படத்தை ஓரத்துல சிறுசாவும் போட்டு, மதுரை காளவாசல்ல ஃபிளெக்ஸ் வச்சிருப்பீங்க.