என்ஜின் நின்ற பிறகும் பம்ப் ஓடுவது கோளாறு அல்ல

தொப்பூர் கணவாய் ஏறி வந்து தர்மபுரியில் வண்டியை நிறுத்திய பிறகும் மின்சார கூலன்ட் பம்ப் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டைச் சுற்றவிடும் பம்ப்) ஓடினால் அது கோளாறு, பேட்டரி இறங்கிவிடும், ஃப்யூஸைக் கழற்றிவிடுங்கள் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் அது சரியல்ல. தயவுசெய்து யாரும் கழற்ற வேண்டாம்.

பெல்ட்டில் ஓடும் பம்ப் என்ஜினோடு நின்றுவிடும். மின்சார பம்ப் அப்படியில்லை. மேடு ஏறி வந்த வண்டியின் டர்போவில் (என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்) சூடு தேங்கியிருக்கும். கூலன்ட் உடனே நின்றால் உள்ளே இருக்கும் ஆயில் கருகிப் படியும். அதனால்தான் பம்ப் சில நிமிடம் ஓடிவிட்டுத் தானாக நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். 2009இல் வந்த மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியஸ் போல, மின்சார பம்ப் மட்டுமே உள்ள வண்டியில் ஃப்யூஸைக் கழற்றி அதை நிறுத்தினால், என்ஜின் ஓடும்போதும் கூலன்ட் சுற்றவே சுற்றாது. சூடேறி ஹெட் கேஸ்கெட் (என்ஜினின் மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடு) போய்விடும்.

நீங்களே சோதிக்கலாம். காலையில் தெருமுனை வரை ஓட்டி அணையுங்கள், பொதுவாகச் சத்தம் இருக்காது. கணவாய் ஏறி வந்து அணைத்தால் பானெட்டுக்குள் மெல்லிய முனகல் கேட்கும், அப்புறம் அடங்கிவிடும். வண்டியோடு வந்த கையேட்டில் கூலிங் பகுதியையும் பாருங்கள். அடங்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் மட்டும் மெக்கானிக்கிடம் ஸ்கேனர் (வண்டியின் கோளாறைப் படித்துச் சொல்லும் கருவி) போடச் சொல்லுங்கள்.