கரடி கையில் கத்தியைக் கொடுத்தவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தம்

வின்னி-த-பூ என்கிற குழந்தைக் கதைக் கரடியைக் கொலைகாரனாகக் காட்டும் 'வின்னி-த-பூ: பிளட் அண்ட் ஹனி' படத்தை நேற்று ராத்திரி இரண்டாவது தடவை பார்த்தேன். முதல் தடவை வந்த கோபம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் அது எதன் மேல் என்று இப்போதுதான் எனக்கே புரிந்தது.

குழந்தைகளின் கரடியைக் கொலைகாரனாக்கிவிட்டார்கள் என்று பலரும் திட்டினார்கள். எனக்கு அதில் வருத்தமே இல்லை. அமெரிக்காவில் இந்த மாதிரி பழைய புத்தகங்களுக்குப் பதிப்புரிமை 95 வருஷம். அந்தக் கரடிக் கதையை எழுதிய மில்னின் 1926 புத்தகம் 2022 ஜனவரி 1 அன்று எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது, அப்புறம் யாரும் எடுத்து என்னவும் செய்யலாம். புலி டிக்கர் 1928-இல் வந்த அடுத்த புத்தகத்தில்தான் வருகிறது, அதனால் முதல் படத்தில் இல்லை, 2024-இல் வந்த இரண்டாம் பாகத்தில் இருக்கிறது. மிக்கி மவுஸின் 1928 உருவம் 2024-இல் பொதுவானது, கார்ட்டூன் மாலுமி பாப்பாய் 2025-இல். இரண்டு பேருக்கும் கையோடு கொலைப்படம் வந்துவிட்டது. செலவு கம்மி என்பதும் ஒரு குறையா? ஒரு லட்சம் டாலருக்குள் முடித்த படம் பல மடங்கு சம்பாதித்தது. கையில் காசில்லாமல் சினிமா கனவோடு திரிகிற ஒருவனுக்கு இது நல்ல செய்திதான்.

என் கோபம் வேறு. அந்தப் படத்தின் முதல் சில நிமிஷங்களைப் பாருங்கள். கரடிக்கும் அதன் கூட்டாளி மிருகங்களுக்கும் சோறு போட்டு வந்த சிறுவன் கிறிஸ்டோபர் ராபின் வளர்ந்து கல்லூரிக்குப் போய்விடுகிறான். காட்டில் பனிக்காலம், சோறு கொண்டுவந்து போட ஆளில்லை. பசி தாங்காமல் அந்த மிருகங்கள் கூட இருந்த கழுதை ஈயோரைத் தின்றுவிட்டு, அன்றோடு மனிதப் பேச்சே வேண்டாம் என்று விட்டுவிடுகின்றன. எவ்வளவு பெரிய கதை இது! விட்டுவிட்டுப் போனவனுக்காகக் காத்திருந்து காத்திருந்து உள்ளே ஏதோ ஒன்று செத்துப்போவதைவிட என்ன பயம் வேண்டும்? ஆனால் அதை அங்கேயே போட்டுவிட்டு, காட்டுக்குள் வாடகைக்கு வீடெடுத்துத் தங்க வந்த, இந்தக் கதைக்குச் சம்பந்தமே இல்லாத பெண்களை ஒவ்வொருவராகக் கொல்லப் போய்விடுகிறார்கள். அப்புறம் அந்த முகமூடிக்குள் கரடி இருந்தால் என்ன, வேறு யார் இருந்தால் என்ன?

காரைக்குடிப் பக்கம் பிறந்த யாருக்கும் அந்த முதல் காட்சி நெஞ்சில் தைக்கும். எங்கள் அப்பத்தா வீடு பங்காளிகள் எல்லோருக்கும் பொது. பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடித் தரைக்கல், இரண்டு முற்றம், எல்லாம் இருக்கிறது, ஆள்தான் இல்லை. சிங்கப்பூர், சென்னை, அமெரிக்கா என்று ஆளுக்கொரு திசையில் போய்விட்டோம். வருஷத்துக்கு ஒரு தடவை, முன்னோர்களுக்குப் படையல் வைக்கிற படைப்புக்குத் திறக்கும்போது, உள்கட்டான வளவில் முதல் ஆளாகக் கால் வைக்க எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் தயக்கம்தான். பேய் பயம் இல்லை. இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று அந்த வீடு கேட்டுவிடுமோ என்கிற பயம்.

பொதுவில் இருக்கிற வீட்டை இரண்டு விதமாகப் பார்க்கிறார்கள். சிலர் காரை உதிர்ந்தால் கைக்காசு போட்டுப் பூசுகிறார்கள், சிலர் நிலையையும் தூணையும் கழற்றிப் பழம்பொருள் கடைக்கு அனுப்புகிறார்கள். இந்தப் படங்கள் செய்வது இரண்டாவது வேலை. பெயரை மட்டும் கழற்றி விற்கிறார்கள், வீட்டுக்குள் யாரும் நுழைந்து பார்க்கவே இல்லை.

ஏவிஎம் படக்கம்பெனியைத் தொடங்கிய எங்கள் ஊர்க்காரர் ஏ.வி. மெய்யப்பன் தன்னிடம் இருந்த பாரதி பாடல் உரிமையை 1949-இல் காசு வாங்காமல் அரசாங்கத்துக்குக் கொடுத்தார். அதனால்தான் பள்ளிக்கூட மேடையில் நான் யாரையும் கேட்காமல் அந்தப் பாட்டைப் பாடினேன். எல்லோருக்கும் பொது என்ற வார்த்தை எனக்கு இவ்வளவு பெரிதாகப் படுவதற்கு அதுதான் காரணம், அதை முகமூடி வியாபாரமாகப் பார்க்கும்போது மனசு ஆறவில்லை.

குறும்படம் எடுக்கும் தம்பிகள் யாராவது இதைப் படித்தால் நேராகவே கேட்கிறேன். பேய்ப்படம் எடுங்கள், ரத்தமும் இருக்கட்டும். அப்பத்தா வீட்டு மரப்பெட்டிக்குள் என் அத்தைகள் விளையாடிய மரப்பாச்சி ஜோடி இன்னும் இருக்கிறது. ஆண் பொம்மைக்கு ஒரு கை இல்லை, பெண் பொம்மைக்கு யாரோ சுற்றிவிட்ட பட்டுத்துணி அப்படியே இருக்கிறது. அடுத்த படைப்புக்கு வீடு திறக்கும்போது வாருங்கள், எடுத்துக் காட்டுகிறேன்.