கட்டத்துக்குள் அடங்காத அம்மன்

அக்கா மகன் ஒரு ஃபேண்டஸி நாவல் எழுதிக்கொண்டிருக்கிறான். ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. நைட் ஷிப்ட் முடிந்து வந்து, தூங்கப் போவதற்கு முன் ஒரு மணி நேரம் போனிலேயே தட்டுகிறான். இருநூறு பக்கம் தாண்டிவிட்டது. போன மாதம் ஊருக்கு வந்தபோது "சித்தி, படிச்சுட்டு உள்ளது உள்ளபடி சொல்லுங்க" என்று அனுப்பினான். கூடவே ஓர் எக்செல் ஃபைல். அவனுடைய உலகத்தின் பன்னிரண்டு தெய்வங்களும் அதில் இருந்தன. பெயர், எதற்கான தெய்வம், சக்தி, ஆயுதம், பலவீனம். கடைசிக் கட்டத்தில் நல்லதா தீயதா.

ஏழாவது வரிசையில் நோயின் தெய்வம். பெண். ஆயுதம் கொள்ளைநோய். தீயது. எட்டாவது வரிசையில் மருந்தின் தெய்வம். நல்லது. ஏழாவது வரிசைக்காரிக்குப் பரம எதிரி.

அந்த இரண்டு வரிசையையும் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கிருஷ்ணகிரி மாவட்டத்துக் காவேரிப்பட்டணம் பக்கத்தில் பிறந்து, வருஷா வருஷம் மாரியம்மன் பண்டிகையில் சொம்பு சொம்பாகக் கூழ் வாங்கிக் குடித்து வளர்ந்த பையன் இவன். நோய்க்கு ஒருத்தி, மருந்துக்கு வேறொருத்தி என்று இவன் கையில் எப்படிப் பிரிந்தது?

எனக்கு ஒன்பது வயதில் அம்மை போட்டது. அந்தப் பதினைந்து நாள் இன்னும் தோலில் இருக்கிறது. முதல் கொப்புளத்தைப் பார்த்ததுமே அம்மா "அம்மா வந்திருக்கா" என்றுதான் சொன்னாள். நோய் வந்திருக்கிறது என்று வீட்டில் ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. வாசலில் வேப்பிலைக் கொத்து செருகினார்கள். பாய் மேல் வேப்பிலை பரப்பி அதில் என்னைப் படுக்க வைத்தார்கள். அடுப்பில் தாளிப்புச் சத்தம் நின்றுபோனது. இளநீர், மோர், ராகிக் கூழ். அரிப்பு தாங்காமல் நான் அழுதால் அம்மா வேப்பிலைக் கொத்தால் மெதுவாகத் தடவிக்கொண்டே "விளையாடிட்டுப் போயிடு தாயே, கொழந்த தாங்க மாட்டா" என்பாள். யாரிடம் சொல்கிறாள்? என் முதுகில் இருக்கிற கொப்புளத்திடம். அந்தக் கொப்புளத்துக்குப் பெயர் முத்து. எனக்கு வலியைக் கொடுப்பவளும் அவள்தான், இறங்கிப் போகச் சொல்லிக் கெஞ்சுவதும் அவளிடம்தான், இறங்கிய பிறகு மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றிவிட்டு நன்றி சொல்லப் போவதும் அவள் கோயிலுக்குத்தான்.

அந்த நோய்க்கே பெயர் அம்மை. தாய்க்கும் அதே சொல்தான். இப்படி ஒரு சொல்லை வைத்திருக்கிற மொழியில் எழுதுகிறவன், நோயைத் தீயது என்ற கட்டத்தில் தனியாக அடைத்தால் எனக்கு மனசு கேட்கவில்லை.

இந்தியாவில் பெரியம்மையின் கடைசி நோயாளி 1975இல். 1980இல் உலகத்திலிருந்தே அந்த நோய் ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது. எக்செல் கணக்குப்படி பார்த்தால் அன்றே மாரியம்மனுக்கு வேலை போயிருக்க வேண்டும். போகவில்லை. சின்னம்மைக்கு வருகிறாள், மழைக்கு வருகிறாள், பிள்ளைக்கு வேலை கிடைக்க வருகிறாள். அவள் ஒரு துறைக்கு அதிகாரியாக இருந்திருந்தால் துறையோடு போயிருப்பாள். ஊருக்குத் தாயாக இருந்ததால் தங்கிவிட்டாள்.

சரி, அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அவன் படித்து வளர்ந்த உலகம் அந்தக் கட்டங்களால் ஆனது. 1974இல் அமெரிக்காவில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற விளையாட்டு வந்தது. பாத்திரங்களின் பலத்தை எண்ணில் வைத்து, பகடை உருட்டி ஆடுகிற கதை விளையாட்டு. 1980இல் அதற்கென்று தெய்வங்களுக்காகவே ஒரு புத்தகம் போட்டார்கள். கிரேக்கம், எகிப்து, நம் நாடு என்று எல்லாத் தெய்வங்களையும் கொண்டுவந்து ஒவ்வொன்றுக்கும் இத்தனை உயிர்ப்புள்ளி, இந்தக் குணம் என்று குறித்து வைத்தார்கள். அதில் காளியும் உண்டு. காளி எத்தனை அடி வாங்கினால் சாவாள் என்பதற்கு அங்கே ஓர் எண் இருக்கிறது. விளையாட்டுக்கு அது தேவை, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பழக்கம் வீடியோ கேமுக்குப் போய், நாவலுக்கு வந்து, கடைசியில் காவேரிப்பட்டணத்துப் பையனின் போனுக்குள்ளும் வந்து உட்கார்ந்துவிட்டது.

காவேரிப்பட்டணத்திலேயே மாசி மாதம் சிவராத்திரியை ஒட்டி மயானக் கொள்ளை நடக்கிறது. அங்காளம்மன் சுடுகாட்டுக்குப் போகிறாள். சிவன் கையில் ஒட்டிக்கொண்டு, போடுகிற சோற்றையெல்லாம் தின்றுகொண்டிருந்த பிரம்ம கபாலத்தை விடுவிக்கத்தான் அவள் அங்கே போனாள் என்பது கதை. கணவனைக் காப்பாற்றப் போனவள்தான் சுடுகாட்டில் உக்கிரமாக ஆடுகிறவளும். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவளைப் பார்க்க நிற்கிற தாய்மார்களை இவனும் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறான். பயந்துகொண்டே குழந்தையை முன்னால் நீட்டுவார்கள். அந்தப் பயமும் நீட்டலும் ஒரே கையில் இருப்பது அவன் நாவலில் எங்கேயும் இல்லை.

தெய்வத்தைவிட எனக்குப் பெரிய குறையாகப் பட்டது அவன் நாவலின் மனிதர்கள். அங்கே இரண்டே வகை. தெய்வம் உண்டு என்று நம்புகிறவர்கள், இல்லை என்கிறவர்கள். நம்பாதவன் ஒரு நாள் அற்புதத்தைப் பார்க்கிறான், முழங்காலிட்டு அழுகிறான், நம்பிக்கை வந்துவிடுகிறது.

தமிழில் நம்பிக்கை என்ற சொல்லை நாம் அப்படியா பயன்படுத்துகிறோம்? "அவரு நம்பிக்கையான ஆளு" என்றால் அவர் இருக்கிறார் என்றா அர்த்தம்? கைவிட மாட்டார் என்று அர்த்தம். "உன்னத்தான் நம்பி இருக்கேன்" என்று அம்மனிடம் சொல்கிற பெண், அம்மன் இருக்கிறாளா என்ற கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. விட்டுவிடாதே என்கிறாள். இருப்பு ஒரு கேள்வி, உறவு வேறு கேள்வி. தெய்வங்கள் தெருவில் நடமாடுகிற ஃபேண்டஸி உலகத்தில் முதல் கேள்வி ஏற்கெனவே தீர்ந்துபோனது. இரண்டாவது கேள்வியில்தான் கதை இருக்கிறது. கண்ணெதிரே நிற்கிறது, ஆனால் என் பக்கம் நிற்குமா?

அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ குவின் இதை நன்றாகப் பிடித்தவர். 1971இல் வந்த ஒரு நாவலில், பெயரற்ற இருட்டுச் சக்திகளுக்குப் பூசாரியாகச் சின்ன வயதிலேயே கொண்டுவரப்பட்ட ஒரு பெண். வெளியிலிருந்து வருகிற மந்திரவாதி அவளிடம் 'உன் தெய்வங்கள் பொய்' என்று சொல்வதில்லை. அவை உண்மைதான், ஆனால் கும்பிடத் தக்கவை அல்ல என்கிறான். படித்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து நடந்தேன். எனக்கு என் அப்பா ஞாபகம் வந்தார். கருப்புச் சட்டைக்காரர், கோயில் வாசல் மிதிக்காதவர். "இருந்தா இருந்துட்டுப் போகட்டும், என்னைக் கும்பிடச் சொல்லாத" என்பார். ஆனால் எங்கள் கொல்லையில் இருக்கிற வேடியப்பனுக்கு வருஷத்துக்கு ஒரு முறை சேவல் கொண்டுபோவது அவர்தான். கேட்டால் "அது சாமி இல்ல, நம்ம பாட்டன்" என்பார். இந்த மாதிரி ஒரு நாத்திகரை எந்த ஃபேண்டஸி நாவலிலும் நான் இதுவரை பார்க்கவில்லை.

வேடியப்பன் என்பது ஒரு நடுகல். தருமபுரி, கிருஷ்ணகிரிக் காடு கொல்லைகளில் நடந்தவர்களுக்குத் தெரியும். கையில் வில்லோ வாளோ வைத்துக்கொண்டு, ஆநிரை மீட்கப் போய்ச் செத்த ஒருவன் கல்லில் நிற்பான். தருமபுரி அருங்காட்சியகத்தில் இப்படி நிறைய பேர் வரிசையாக நிற்கிறார்கள். மனிதனாகப் பிறந்து, மாட்டுக்காகச் செத்து, கல்லாகி, பிறகு மழை கொடுக்கிற சாமியாகவும் ஆனவன். அவன் முன்னோரா, தெய்வமா, வெறும் வீரனா? மூன்றும்தான். கேட்பது யார், கேட்பது எந்த நாளில் என்பதைப் பொறுத்தது.

புறநானூற்றில் மாங்குடி கிழார் "கல்லே பரவின் அல்லது, நெல் உகுத்துப் பரவும் கடவுளும் இலவே" என்கிறார். யானையைக் கொன்று வீழ்ந்தவனின் கல்லைத் தவிர நாங்கள் நெல் தூவிக் கும்பிடுகிற கடவுள் வேறில்லை. எவ்வளவு உறுதி! அதே தொகுப்பில் தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி செத்த பிறகு ஔவையார் பாடுகிறார். தகடூர் என்றால் இந்தத் தருமபுரிதான்.

"நடுகல் பீலி சூட்டி, நார்அரி சிறுகலத்து உகுப்பவும் கொள்வன் கொல்லோ?"

உயர்ந்த மலையோடு நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், கல்லுக்கு மயில்பீலி சூட்டி, சின்னக் கலத்தில் கள்ளை ஊற்றினால் வாங்கிக்கொள்வானா? ஔவை அந்தச் சடங்கைப் பொய் என்று தள்ளவில்லை. அதில் ஆறுதலும் அடையவில்லை. ஊற்றுகிற கையும் சந்தேகப்படுகிற வாயும் ஒரே இடத்தில் நிற்கின்றன. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால், நான் காய்கறி வாங்குகிற இந்த ஊரில் செத்தவனுக்காக, நம்பிக்கையின் உள்ளே இருக்கிற முரணை ஒருத்தி இவ்வளவு துல்லியமாகச் சொல்லிவிட்டாள். நாம் இதை விட்டுவிட்டு யாருடைய அட்டவணையையோ நிரப்பிக்கொண்டிருக்கிறோம்.

நற்றிணையில் ஒரு தோழி முருகனையே திட்டுவாள். தலைவிக்கு வந்திருப்பது காதல். அது தெரியாமல், முருகன் பிடித்திருக்கிறான் என்று நினைத்து, பூசாரி சாமியாடுகிற வெறியாட்டு நடத்துகிறார்கள், முருகனும் அழைத்ததும் வந்து நிற்கிறான். "கடவுள் ஆயினும் ஆக, மடவை மன்ற, வாழிய முருகே!" கடவுளாகவே இரு, ஆனாலும் நீ அறியாதவன்தான், நன்றாக இரு. திட்டும் வாழ்த்தும் ஒரே மூச்சில் வருகின்றன. இந்த ஒரு வரியின் தொனி ஒரு பாத்திரத்துக்கு வந்துவிட்டால் போதும், முந்நூறு பக்கம் தானாக நடக்கும்.

வெளியிலும் நல்ல உதாரணம் இல்லாமல் இல்லை. டோல்கீனின் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' என்ற பெரிய நாவலில் கோயில் குளம் என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. ஆனால் ஃபராமிர் என்கிற படைத்தலைவனும் அவன் ஆட்களும் சாப்பிட உட்காரும் முன் மேற்குப் பக்கம் திரும்பி ஒரு நிமிடம் சும்மா நிற்பார்கள். அந்த ஒரு நிமிடத்துக்கு நான் பத்து மந்திரப் போர்களைக் கொடுத்துவிடுவேன். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் கதையில் தோரோஸ் என்று ஒரு சிவப்புப் பூசாரி. நம்பிக்கை தேய்ந்துபோய்க் குடித்துத் திரிகிறவன். செத்த நண்பனுக்குக் கடைசிச் சடங்கைப் பழக்கத்தில் செய்கிறான், பிணம் எழுந்துவிடுகிறது. அங்கே சடங்கு முன்னால் போகிறது, நம்பிக்கை பின்னால் ஓடி வருகிறது. நம் வீடுகளிலும் அப்படித்தானே?

இதையெல்லாம் போனில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சித்தி, ரூல்ஸ் வேணும். ஒரு சாமி இன்னைக்கு ஒண்ணு நாளைக்கு ஒண்ணு செஞ்சா, எழுதறவனுக்கே தெரியலன்னு விட்டுட்டுப் போயிடுவாங்க" என்றான்.

அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. எழுதுகிறவர் மறந்துபோய் மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு குணமும் முப்பதாவதில் வேறு குணமும் கொடுத்தால் அது பிழைதான். நான் சொல்கிற முரண் அது இல்லை. மாரியம்மனின் முரண் ஊரில் எல்லோருக்கும் தெரியும், அதைச் சுற்றித்தான் எல்லா வழக்கமும் கட்டியிருக்கிறது. அவள் சூடு, அதனால் தாளிக்கக் கூடாது. அவளைக் குளிர்விக்க வேண்டும், அதனால் வேப்பிலை, கூழ், இளநீர். சூட்டைக் கொடுத்தவள்தான் எடுக்க முடியும், அதனால் வேறு எங்கும் போகக் கூடாது. இதைவிடக் கறாரான ரூல்ஸ் எந்த மந்திர உலகத்தில் இருக்கிறது? நல்லவள், கெட்டவள் என்ற பிரிவு மட்டும்தான் இதில் கிடையாது. மற்ற எல்லாமே இருக்கிறது.

கொஞ்ச நேரம் அமைதியாக இருந்துவிட்டு அவன் நல்ல கேள்வி ஒன்று கேட்டான். "அப்போ கொழந்த செத்துப்போனா? அப்பவும் அவளையே கும்பிடுவாங்களா?"

அவனுக்கு அந்தக் கதை தெரியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் அம்மாவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

என் அம்மா பிறப்பதற்கு இரண்டு வருஷம் முன்னால் ஆயாவின், அதாவது அம்மாவைப் பெற்றவளின், மூத்த பையன் பெரியம்மையில் போய்விட்டான். நான்கு வயது. அந்த வருஷப் பண்டிகைக்கு ஆயா கூழ் காய்ச்சவில்லை. அம்மன் ஊர்வலம் எங்கள் தெருவுக்கு வந்தபோது, நடுத்தெருவில் போய் நின்று மண்ணை வாரித் தூற்றியிருக்கிறாள். "உனக்குக் கொடுத்த கூழெல்லாம் எங்கடி போச்சு?" என்று அம்மனைப் பார்த்துக் கத்தியிருக்கிறாள். யாரும் தடுக்கவில்லையாம். பூசாரி ஊர்வலத்தை நிறுத்திவிட்டு, அவள் திட்டி முடிக்கும் வரைக்கும் தலையைக் குனிந்துகொண்டு நின்றாராம். மேளத்தையும் நிறுத்திவிட்டார்கள்.

அடுத்துப் பிறந்த பெண்ணுக்கு ஆயா அந்த அம்மன் பெயரையே வைத்தாள். அந்தப் பெண்தான் எங்கள் அம்மா. ஏன் ஆயா, பிள்ளையை எடுத்துக்கிட்டவ பேரையே வச்சே என்று நான் ஒரு முறை கேட்டிருக்கிறேன். ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தாமலே, "அவளுக்கும் எனக்கும் கணக்கு இருக்குது" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

போனில் அவன் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "சித்தி, அன்னைக்கு ஆயா எந்த இடத்துல நின்னாங்க? நம்ம வீட்டுக்கு முன்னாடியா, முக்குலயா?" என்று கேட்டான். தெரியவில்லை என்றேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறானாம், எங்கள் அம்மாவிடம் கேட்க.