மதிலில் முட்டி நிற்கும் தெருக்கள்
சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலையின் நெரிசலுக்கு அகலக் குறைவே காரணம் என்று அண்மையில் படித்த ஒரு கட்டுரை கூறுவதை ஏற்க இயலவில்லை. ஆறு வழிச் சாலையாக இருந்தும் அது திணறுவதற்கு, இருபுறமும் முளைத்த மனைப்பிரிவுகளின் தெருக்கள் ஒன்றோடொன்று இணையாததே முதற்காரணம். சோழிங்கநல்லூரில் எங்கள் தெரு ஒரு மதிலில் முட்டி நிற்கிறது. மதிலுக்கு அப்பாலுள்ள பள்ளியின் மணியோசை எங்கள் மொட்டைமாடிவரை கேட்கும், ஆயினும் பிள்ளையை அங்கே கொண்டுவிட, பிரதான சாலைக்கு வந்து, யூ-டர்ன் போட்டு, வேறொரு தெருவழியே திரும்பவும் உள்ளே நுழைந்தாக வேண்டும். அண்ணா நகரில், குறுக்குத் தெருக்கள் தொடர்ந்து செல்வதால், ஒரு சாலை அடைபட்டாலும் அடுத்ததில் போய்விடலாம். சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிவாக்க 2022-இல் அரசு ஆணையிட்டுள்ள நிலையில், புதிய மனைப்பிரிவு ஒவ்வொன்றும் பக்கத்து நிலத்தை நோக்கி ஒரு தெருவையாவது திறந்துவைப்பதை அனுமதிக்கான நிபந்தனையாக்கி, பின்னாளில் அதை எவரும் மதில் எழுப்பி அடைக்காதபடி உள்ளாட்சி கண்காணிக்க வேண்டும்.