கொதிக்கிற நேரத்தில் புத்திமதி வேண்டாம்

ஆத்திரத்தின் உச்சியில் இருக்கிற பிள்ளைக்குச் சொல்லும் புத்திமதி வீண். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. அந்த நேரத்தில் மூளையின் யோசிக்கும் பகுதி சரியாக வேலை செய்வதில்லை. அது முழுசாக முதிரவே 25 வயது வாக்கில் ஆகும்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கடையில் பிள்ளை பொம்மை கேட்டுத் தரையில் உருள்கிறதா? "வீட்டுக்கு வா, ரோத்தான் இருக்கு" என்று பிரம்பைச் சொல்லி மிரட்டாமல், குனிந்து கண்மட்டத்துக்கு வாருங்கள். தாழ்ந்த குரலில் ஒரே வாக்கியம்: "பொம்மை கிடைக்கலைன்னு ஏமாற்றமா இருக்கா?" அப்புறம் பேசாமல் பக்கத்தில் இருங்கள். "ஏன் இப்படிப் பண்றே?" என்று கேட்டால் பிள்ளைக்கே பதில் தெரியாது. அடிக்க வந்தால் கையைப் பிடித்துத் தடுங்கள். பொம்மையை மட்டும் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், அடுத்த வாரமும் உருளும். பாடமெல்லாம் அரை மணி நேரம் கழித்து, வயிறு நிறைந்த பிறகு.

மூச்சுப் பயிற்சியில்தான் நிறையப் பேர் தப்பு பண்ணுகிறார்கள். "நல்லா இழு, நல்லா இழு" என்று அவசரப்படுத்தினால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரல் மரத்துப்போகும், பயம் கூடும். 4 எண்ணும்வரை மெதுவாக இழுத்து, 6 எண்ணும்வரை விட வேண்டும். விடுகிற மூச்சு நீண்டால்தான் இதயத்துடிப்பு தணியும். பத்துச் சுற்று போதும். சின்னப் பிள்ளை என்றால் சோப்புக் குமிழி ஊத விடுங்கள். இதைத் தூங்கப்போகும்போது பழக்க வேண்டும்; சும்மா இருக்கும்போது பழகாதது சண்டையில் கைகொடுக்காது.

பெரியவர்களுக்கும் இதே மூச்சுதான். ஃபெடரல் நெடுஞ்சாலை ஜாமில் ஏறிய எரிச்சலோடு நேராக வீட்டுக்குள் போகாதீர்கள், காரை நிறுத்தி இரண்டு நிமிடம் உட்காருங்கள். கத்தித் தீர்த்தால் கோபம் ஆறும் என்கிறார்களே, அது கட்டுக்கதை. கத்தக் கத்தக் கோபம் வளரத்தான் செய்யும்.

தூக்கத்தை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. 6 முதல் 12 வயதுக்கு 9 மணி நேரமாவது வேண்டும். பள்ளி வேனுக்காக 5.30க்கு எழும் பிள்ளை டியூஷன், வீட்டுப்பாடம், போன் எல்லாம் முடித்து 11க்குப் படுத்தால் ஆறரை மணி நேரம்தான். அது எரிந்து விழாமல் என்ன செய்யும்? முதலில் ஒரு டியூஷனைக் குறையுங்கள்.

வாரக்கணக்கில் சாப்பாடு, தூக்கம் கெட்டால் பக்கத்துக் கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசு சுகாதார நிலையத்துக்கு) கூட்டிப் போங்கள். "செத்துப்போறேன்" என்ற பேச்சை வெறும் மிரட்டல் என்று ஒதுக்க வேண்டாம். சாகணும்னு தோணுதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். உதவிக்கு அழையுங்கள்: மலேசிய சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் ஹீல் 15555, மனம்விட்டுப் பேச உதவும் தொண்டு அமைப்பான பிஃபிரண்டர்ஸ் கேஎல் 03-7627 2929.