ஆள் அனுப்ப வேண்டாம், எங்கள் பிள்ளைகளை ஆளாக்குங்கள்

எங்கள் கடற்கரைக்கு டாக்டர் அனுப்புங்கள், நர்ஸ் அனுப்புங்கள் என்று மனு கொடுத்துக் கொடுத்தே இரண்டு தலைமுறை போய்விட்டது. அனுப்பாமல் இல்லை. வந்தவர்களில் நல்லவர்களும் நிறையப் பேர். ஆனால் ராமநாதபுரம் மாவட்டத்தில் எஸ்.பி. பட்டினம் தொடங்கி ரோச்மா நகர் வரை 237 கிலோமீட்டர் நீளும் இந்தக் கரையில், வந்தவர் ஊர்களின் பெயரைப் பழகி முடிப்பதற்குள் இடமாறுதல் கலந்தாய்வு வந்துவிடும். பெட்டியைக் கட்டிவிடுவார். அடுத்து வருகிறவர் முதலிலிருந்து தொடங்குவார். "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்" என்று சொல்லித்தான் அரசு ஊழியர்களை ஒரு காலத்தில் மிரட்டினார்கள். தண்டனை என்று நினைத்து வந்தவருக்கு இங்கே எப்படி மனசு ஒட்டும்?

நான் செவிலியர் பயிற்சி மாணவிகளுக்குப் பாடம் எடுக்கிறவள். மண்டபம், உச்சிப்புளி, பெரியபட்டினம் பக்கத்துப் பிள்ளைகள்தான் பெரும்பாலும் என் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்களை நாள்தோறும் பார்ப்பதால் உறுதியாக எழுதுகிறேன். இந்தக் கரைக்கு வேண்டிய சுகாதாரப் பணியாளர்கள் இந்தக் கரையிலேயே இருக்கிறார்கள். அவர்களைப் படிக்க வைத்து, வேலை கொடுத்து, அந்த வேலையில் மேலே வர வழி விட வேண்டும். இனி நாம் மனு எழுதினால் அதைக் கேட்டுத்தான் எழுத வேண்டும்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. 2024-இல் ஐ.நா. அமைப்பின் விருதும் வாங்கியது. சுய உதவிக் குழுவில் இருக்கிற உள்ளூர்ப் பெண்ணைத் தேர்ந்தெடுத்து, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கப் பழக்கி, மாத்திரைப் பையோடு வீடு வீடாக அனுப்பியதுதான் அதன் உயிர். மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் என்று அந்தப் பெண்களுக்குப் பெயர்.

பாம்பன் பக்கம் அப்படி ஒருவரோடு நான் போயிருக்கிறேன். விசைப்படகுக்கு டோக்கன், அதாவது கடலுக்குப் போகும் அனுமதிச் சீட்டு, இல்லாத நாளாகப் பார்த்துத்தான் கிளம்பினார். டோக்கன் நாளில் போனால் வீட்டில் ஆம்பிளை ஒருத்தரும் இருக்க மாட்டார்கள். பாசி எடுக்கிற பெண்கள் எந்தெந்த நாள் கடலில் இறங்குவார்கள், எத்தனை மணிக்குக் கரையேறுவார்கள் என்பதும் அவருக்கு மனப்பாடம். வலை காயப் போட்டிருந்த இடத்தில் ஒரு அண்ணனை உட்கார வைத்துச் சர்க்கரை பார்த்தார். வலைக்கயிறு இழுத்து இழுத்துக் காய்த்துப்போன விரல். நடுவில் குத்தினால் ஊசி சரியாக இறங்காது, இறங்கினாலும் ரத்தம் வராது. கையை நல்ல தண்ணீரில் கழுவச் சொல்லி, நன்றாகக் காயவிட்டு, மோதிர விரலின் ஓரமாகக் குத்தினார். ஒரே குத்துதான், துளி ரத்தம் வந்துவிட்டது.

அளவு கூடுதலாக இருந்தது. "மாத்திரை அட்டையை எடுங்கண்ணே" என்றார். பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது.

"கடலுக்குக் கொண்டு போறதில்லையா?"

"நனைஞ்சு போயிருது தாயி."

அவர் கோபப்படவில்லை. உள்ளே போய் அண்ணியிடம் மூடி இறுக்கமான சின்ன டப்பா ஒன்று கேட்டு வாங்கினார். இரண்டு நாளைக்கான மாத்திரையை அட்டையோடு வெட்டி அதில் போட்டு, சாப்பாட்டுத் தூக்கோடு சேர்த்தே படகில் வைக்கச் சொன்னார். இதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவருடைய அப்பாவும் கடலுக்குப் போனவர், அவ்வளவுதான். நானாக இருந்தால் மாத்திரையை ஒழுங்காகப் போடாவிட்டால் சிறுநீரகம் என்ன ஆகும் என்று விளக்கிவிட்டு வந்திருப்பேன். அந்த டப்பா எனக்குத் தோன்றியே இருக்காது.

அப்படிப்பட்ட பெண்ணுக்கு நாம் கொடுப்பது என்ன? தொடங்கியபோது மாதம் 4,500 ரூபாய் ஊக்கத்தொகை, அப்புறம் கொஞ்சம் கூட்டினார்கள். சம்பளம் என்று சொல்வதில்லை, ஏனென்றால் அவர் ஊழியர் கணக்கிலேயே வரமாட்டார். இன்னும் பத்து வருஷம் இதே வேலையைச் செய்தாலும் அவர் தன்னார்வலர்தான். பிளஸ் டூ முடித்தவர், மருந்துகளின் பெயர் தெரிந்தவர், தெருவே நம்புகிறவர். இருந்தும் அடுத்த படி என்று ஒன்று அவருக்கு இல்லை.

டாக்டர்களுக்கு மட்டும் அந்தப் படி இருக்கிறது. அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு முதுநிலைப் படிப்பில் தமிழ்நாடு தனி ஒதுக்கீடு வைத்திருந்தது. அது வழக்காகி, மாநிலங்களுக்கு அந்த உரிமை உண்டு என்று 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்புச் சொன்னது. கிராமத்தில் வேலை பார், மேற்படிப்புக்கு வழி விடுகிறேன், படித்துவிட்டு அரசு மருத்துவமனைக்கே திரும்பி வா என்பது ஏற்பாடு. நம் மாவட்ட மருத்துவமனைகளில் மகப்பேறு, மயக்க மருந்து, குழந்தைகள் நலம் என்று சிறப்பு மருத்துவர்கள் இருப்பதற்கு இந்த ஏற்பாடு ஒரு பெரிய காரணம். நல்ல ஏற்பாடு, நான் ஆதரிக்கிறேன். எம்.பி.பி.எஸ். படித்தவருக்குச் செய்ததைப் பிளஸ் டூ படித்த பெண்ணுக்கும் செய்யலாமே?

இது புதுசும் கிடையாது. அங்கன்வாடிப் பணியாளர்களைப் பயிற்சிக்கு அனுப்பி, கிராம சுகாதாரச் செவிலியராக்கிய வழக்கம் தமிழ்நாட்டிலேயே உண்டு. அதே மாதிரி, தகுதியுள்ள சுகாதாரத் தன்னார்வலர்களுக்குத் துணைச் செவிலியர் பயிற்சியில் குறிப்பிட்ட இடங்களை ஒதுக்கட்டும். படிக்கிற காலத்தில் உதவித்தொகை கொடுக்கட்டும். முடித்ததும் சொந்த ஒன்றியத்திலேயே வேலை, ஆனால் குறிப்பிட்ட வருஷம் அங்கேதான் இருக்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளட்டும். வருகிறவர்களுக்குச் சொந்த ஊரே இதுதான் என்பதால் கட்டாயப்படுத்த வேண்டிய தேவையே வராது.

"உள்ளூர் ஆள்னா சிபாரிசு வரும், சாதி வரும், கட்சி வரும்" என்று ஒரு நண்பர் சொன்னார். வரும்தான். அதனால்தான் ஒன்றிய அளவில் பட்டியல் போட்டு, மதிப்பெண்ணையும் வேலை பார்த்த வருஷத்தையும் வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறேன். அதைவிட எனக்கு இருக்கிற பெரிய கவலை வேறு. உள்ளூர்ப் பெண்ணுக்கு எல்லா வீட்டு ரகசியமும் தெரியும். டி.பி. வந்ததை மறைக்கிற குடும்பம் உண்டு, கர்ப்பத்தை மறைக்கிற பெண்ணும் உண்டு. கேள்விப்பட்டதை வெளியே சொல்லாமல் இருக்கப் பழக்குவது ஊசி போடப் பழக்குவதைவிடக் கஷ்டம். அதற்கு நேரம் ஒதுக்கி, உதாரணம் சொல்லி, நடித்துக் காட்டிப் பயிற்சி கொடுக்க வேண்டும்.

ஆனால் நம் ஊரில் பயிற்சி என்றால் என்ன நடக்கிறது? மாவட்டத் தலைநகரில் ஒரு ஹால், ஒரு புரொஜெக்டர், வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, நடுவில் டீ, கடைசியில் குரூப் போட்டோ. தொண்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த செவிலியர் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பஸ்ஸை விட்டுவிடக் கூடாதே என்று மணியைப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்படி ஒரு ஹாலில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். புதிய ஆப் ஒன்றைத் திரையில் காட்டி, இதை அழுத்துங்கள், அதை அழுத்துங்கள் என்றார்கள். சிக்னல் இல்லாத ஊரில் என்ன செய்வது என்று ஒரு அக்கா எழுந்து கேட்டார். வீட்டுக்குப் போய்ப் பதிவு செய்யுங்கள் என்று பதில் வந்தது. வீட்டுக்குப் போனால் அந்த அக்காவுக்குச் சமையல் இருக்கிறது, பிள்ளைகளின் வீட்டுப்பாடம் இருக்கிறது.

சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. கர்ப்பிணிப் பதிவு, தடுப்பூசி, குடும்பநலம், வீட்டுப் பார்வை எல்லாம் அந்தச் செவிலியர் தலையில்தான். இதில் பதிவேட்டிலும் எழுத வேண்டும், அதையே போனிலும் ஏற்ற வேண்டும். புதுசு வரும்போது பழைய வேலையில் எதை எடுத்துவிடுகிறோம் என்று சொல்லாமல் கொண்டுவரும் மாற்றத்தை ஊழியர்கள் வெறுக்கத்தான் செய்வார்கள். அவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்கிற அதிகாரிகளைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

சரியாகச் செய்தால் எவ்வளவு நடக்கும் என்பதற்கும் நம்மிடமே சான்று உண்டு. 2000-களில் தமிழ்நாடு ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு மூன்று மூன்று செவிலியர்களைப் போட்டு 24 மணி நேரமும் திறந்து வைத்தது. ராத்திரி இரண்டு மணிக்கு வலி எடுத்தாலும் பிரசவம் பார்க்க ஆள் இருக்கும் என்று தெரிந்ததும் பெண்கள் தேடி வந்தார்கள். பழைய கட்டடம்தான். ஷிப்டுக்கு ஆள் போட்டதும் நிலைமை மாறியது.

அதே அரசுதான் 2015-இல் தேர்வு வைத்து எடுத்த செவிலியர்களுக்கு 7,700 ரூபாய் தொகுப்பூதியம் கொடுத்தது. இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்று நம்பி வந்தவர்கள் 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவத் துறை இயக்குநரகம் இருக்கிற டி.எம்.எஸ். வளாகத்தில் தரையில் உட்கார்ந்து போராடினார்கள். கொரோனாவுக்கு எடுத்த செவிலியர்களின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31-ஓடு முடிந்தது என்று சொல்லிவிட்டார்கள். "படிச்சு முடிச்சா எங்களுக்கும் இப்படித்தானா டீச்சர்?" என்று பிள்ளைகள் கேட்கும்போது நான் என்ன சொல்ல? வளைகுடா நாட்டுக்கு விண்ணப்பிக்கிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வருவதில்லை.

மருத்துவத்தில் மட்டும் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். ஆழ்கடல் படகுத் திட்டத்தைப் பாருங்கள். 2017 ஜூலை 27, கலாம் நினைவிடம் திறக்கப்பட்ட அதே நாளில் பயனாளிகளுக்கு ஆணை கொடுத்தார்கள். படகு ஒன்றுக்கு 80 லட்சம், அதில் 70 சதவீதம் மானியம், மூன்று வருஷத்தில் 2,000 இழுவைப் படகுகளுக்குப் பதிலாகச் சூரை மீன் பிடிக்கும் ஆழ்கடல் படகுகளைக் கொண்டுவருவது இலக்கு. அந்த எண்ணிக்கையின் பக்கத்தில்கூட வரவில்லை. பணம் ஒரு காரணம், மறுக்கவில்லை. தொழில் இன்னொரு காரணம். ராமேஸ்வரத்தில் இழுவை மடித் தொழில் என்பது இன்று காலை போய் நாளை காலை திரும்புவது. ஆழம் குறைந்த வடகடலில், அதாவது பாக் நீரிணைப் பக்கத்தில், பழகிய கை அது. சூரை பிடிப்பதென்றால் வாரக்கணக்கில் கடலில் தங்க வேண்டும், நீளமான கயிற்றில் வரிசையாகக் கொக்கி தொங்கும் ஆயிரங்கால் தூண்டிலில் இரை கோத்து விட வேண்டும், பிடித்த மீனின் தரம் கெடாமல் ஐஸில் வைத்துக் கொண்டுவர வேண்டும். வேறு கடல், வேறு கணக்கு. வீட்டுப் பெண்களுக்கும் அது வேறு வாழ்க்கை.

அந்தத் தொழிலைக் கரைத்துக் குடித்தவர்கள் தமிழ்நாட்டிலேயே இருக்கிறார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர், வள்ளவிளை மீனவர்களுக்கு ஆழ்கடலும் தூண்டிலும் பரம்பரை. நம் பையன்களை ஒரு சீசன் முழுக்க அவர்கள் படகில் ஏற்றி, அந்தக் காலத்துக்குக் கூலியும் கொடுத்திருந்தால் நிலைமையே வேறாக இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன். மானியத்தைப் பற்றிப் பேசிய அளவுக்கு இதைப் பற்றிப் பேசவில்லை. மானியமும் படகு முதலாளிக்குத்தான். கடலில் இறங்கி வலை இழுக்கிற கூலி மீனவருக்கு அந்தத் திட்டத்தில் என்ன இருந்தது?

மனநோயாளிகளைப் பிரார்த்தனைக்குக் கூட்டிவரும் தர்கா இருக்கிற ஏர்வாடியையும் சொல்லியாக வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று, கொட்டகையில் சங்கிலியால் கட்டிப் போடப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகிச் செத்தார்கள். அதற்கப்புறம் அந்தக் காப்பகங்களை மூடினார்கள். 2017 மனநலச் சட்டம் சங்கிலி போடுவதையே தடை செய்துவிட்டது. ஆனாலும் ஒரு குடும்பத்தை மருந்தின் பக்கம் கொண்டுவருவது சட்டத்தால் மட்டும் ஆகிற காரியமா? தர்காவுக்கு வருகிறவர்களுக்குப் பக்கத்திலேயே மனநல மருத்துவமும் கிடைக்கட்டும் என்று கொண்டுவந்த தவா-துவா (மருந்தும் பிரார்த்தனையும்) ஏற்பாடு எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. பிரார்த்தனைக்கு வந்தவரிடம் "டாக்டரையும் ஒரு எட்டுப் பார்த்துட்டுப் போங்க" என்று தர்காவில் இருக்கிறவரே சொன்னால் குடும்பம் கேட்கும். ஏர்வாடி, கீழக்கரை பிள்ளைகளை மனநல ஆலோசகர்களாகவும் மனநலச் செவிலியர்களாகவும் படிக்க வைத்தால் இது இன்னும் எவ்வளவு தூரம் போகும்!

2022 ஜனவரி 12-இல் திறந்த 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் ராமநாதபுரமும் ஒன்று, 100 இடங்கள். பெருமைதான். அந்தக் கல்லூரி இந்தக் கரைக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி என்ன தெரியுமா? அங்கே இருக்கும் பேராசிரியர்களும் மூத்த செவிலியர்களும் மாதத்தில் சில நாள் சாயல்குடி, தேவிபட்டினம், தங்கச்சிமடம் என்று கிளம்பிப் போய், அங்கே வேலை பார்க்கிறவரின் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பதுதான். ஹாலும் புரொஜெக்டரும் வேண்டாம். அந்த ஊர் நோயாளியை வைத்து, அந்த ஊர் மேஜையில் இருக்கிற கருவியை வைத்துச் சொல்லிக்கொடுக்கட்டும்.

கடலோர ஊராட்சிகளில் இருக்கிற நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கிராம சபையில் தீர்மானம் ஒன்று கொண்டுவாருங்கள். நம் ஊராட்சியில் வேலை பார்க்கும் சுகாதாரத் தன்னார்வலர்களில் தகுதியுள்ளவர்களுக்குத் துணைச் செவிலியர் பயிற்சியில் இட ஒதுக்கீடு வேண்டும், படிக்கும் காலத்தில் உதவித்தொகை வேண்டும், முடித்ததும் இதே ஒன்றியத்தில் நிரந்தர வேலை வேண்டும் என்று எழுதுங்கள். தன்னார்வலரையும் சபைக்குக் கூப்பிட்டுப் பேச வையுங்கள். தீர்மான வாசகம் தயாராக வைத்திருக்கிறேன், வேண்டுமென்பவர்கள் இன்பாக்ஸில் கேளுங்கள், அனுப்புகிறேன்.